கயானாவில் தமிழைத் தேடுகிறவர்கள்

கயானாவுக்குப் போய்வந்து தமிழில் எழுதுகிறவர்களிடம் ஓர் ஒழுங்கு படிந்துவிட்டது. விமானம் தாழ இறங்கும்போது மழைக்காடு, ஒரு பத்தி. கைட்டியூர் அருவி, ஒரு பத்தியும் இரண்டு படங்களும். பிறகு கடற்கரை. கடல் மண்ணிறமாக இருப்பதில் எழுத்தாளருக்குச் சிறு ஏமாற்றம். அதற்குப் பிறகுதான் கட்டுரை உண்மையில் தொடங்குகிறது. ஏதோ ஒரு கடைப் பலகையில் ‘மூன்சாமி’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருப்பதை அவர் காண்கிறார். முனிசாமி! உள்ளே ஓடிப்போய்த் தமிழில் கதைத்துப் பார்க்கிறார். கடைக்காரருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. எழுத்தாளர் கண் கலங்குகிறார். அடுத்த பக்கத்தில் ஒரு மாரியம்மன் கோயில், ஒரு பூசாரி, பொருள் தெரியாமல் பாடப்படும் ஒரு தமிழ்ப் பாட்டு. மொழியை இழந்தால் இப்படித்தான் ஆகும் என்று நமக்கு ஓர் எச்சரிக்கை. கட்டுரை முடிகிறது.

கோயில் மலர்களிலும் சங்க ஆண்டிதழ்களிலும் இந்தக் கட்டுரையைக் குறைந்தது ஐந்து பேர் எழுதி வாசித்திருக்கிறேன். 2015இல் கடலில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டு, 2019 டிசம்பரில் அதை எடுக்கத் தொடங்கிய பிறகு அந்தப் பக்கம் போகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். ஆகவே ஆறாவதும் ஏழாவதும் வரும். வரட்டும். ஆனால் அந்தக் கண்ணீர் எங்கேயிருந்து வருகிறது, யாருக்காக வருகிறது என்று ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒப்பந்தக் கூலிகளாகக் கடல் கடந்தவர்களைப் பற்றிய தமிழ் எழுத்துக்கு அழுகுரலை முதலில் கொடுத்தவர் பாரதி. பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களைப் பற்றி அவர் பாடியபோது அந்த முறை நடைமுறையில் இருந்தது. கப்பல்கள் போய்க்கொண்டிருந்தன. பிஜியை அவர் பார்த்ததில்லை, பார்க்க வேண்டியும் இருக்கவில்லை. அது பயண எழுத்து அல்ல, ஒரு கொடுமையை நிறுத்தச் சொல்லும் குரல். 1917இல் ஆள் ஏற்றுமதி நிறுத்தப்பட்டது. நூறு ஆண்டுக்கு மேலாகிவிட்டது. குரல் மட்டும் அப்படியே நிற்கிறது. அன்றைக்கு அது ஆட்சியாளரைப் பார்த்து எழுந்த குரல். இன்றைக்கு அதே குரலில் நாம் கடைக்காரர் மூன்சாமியைப் பார்த்து அழுகிறோம். அவர் பாவம், சில்லறை எடுத்துக்கொண்டு நிற்கிறார்.

இன்னொரு வழியும் நம்மிடம் இருந்தது. ஏ. கே. செட்டியார் கயானா விடுதலை பெறுவதற்கு முன்பே அங்கே போனவர். ‘கரிபியன் கடலும் கயானாவும்’ என்று ஒரு புத்தகமே எழுதினார். செட்டியாரின் பயண எழுத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அவர் தன்னை முன்னால் நிறுத்தாத குணம். சின்னச் சின்ன வாக்கியம், பார்த்தது, கேட்டது, விலை என்ன, வண்டி எத்தனை மணிக்கு. தன் நெஞ்சில் என்ன நடந்தது என்று அவர் அதிகம் சொல்வதில்லை. அந்தச் சிக்கனத்தை வறட்சி என்று எண்ணித்தான் பின்னால் வந்தவர்கள் விட்டுவிட்டார்கள் போலும். அவரை ‘உலகம் சுற்றும் தமிழன்’ என்று பட்டம்போலச் சொல்லிக்கொள்கிறோம். அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது அந்தத் தலைப்பை மட்டும்தான்.

‘சின்னஞ்சிறு நாடு’ என்ற தொடரும் எல்லாக் கட்டுரைகளிலும் வருகிறது. கயானாவின் பரப்பு ஏறத்தாழ 2,15,000 சதுர கிலோமீற்றர். இலங்கையை மூன்று தடவை அதற்குள் வைத்தாலும் இடம் மிஞ்சும். மக்கள்தான் குறைவு, சுமார் எட்டு லட்சம். நான் குடியிருக்கும் மனோர் பார்க்கை உள்ளடக்கிய நியூஹாம் நகரசபைப் பகுதியில் மட்டும் 2021 கணக்கெடுப்பின்படி மூன்றரை லட்சம் பேர். அந்த எட்டு லட்சத்தில் மிகப் பெரும்பாலோர் கடலோர ஒடுங்கிய நிலத்தில்தான் வாழ்கிறார்கள். அந்த நிலமோ கடல் பெருகும் நேரத்தில் கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. ஒல்லாந்தர் காலத்தில் தொடங்கிய அணை, வாய்க்கால், மதகு ஏற்பாடு இல்லையென்றால் கரும்பும் இல்லை, ஊரும் இல்லை. மதகுக் கதவை அங்கே ‘கோக்கர்’ என்கிறார்கள். கடல் வற்றும் நேரத்தில் திறந்து உள்நீரை வெளியே விடவேண்டும், பெருகும் முன் மூடவேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு தடவை. கடலுக்கும் அந்த மக்களுக்கும் உள்ள உறவு இதுதான். அங்கே போய் நீலக்கடல் இல்லையே என்று குறைப்படுவது வயலில் நின்று புல்தரை எங்கே என்று கேட்பது போன்றது. அமேசன் ஆறு கொட்டும் வண்டலைக் கடலோட்டம் வடமேற்காக இழுத்துக்கொண்டு வருவதால்தான் அந்த நிறம். அதே வண்டல்தான் அந்த நிலத்தையும் உண்டாக்கியது.

நான் போனது ஓர் ஈஸ்டர் வாரம். சுரிநாம் எல்லையை ஒட்டிய கொரென்டைன் கரையில் ஊர்களுக்கு எண்தான் பெயர். பழைய தோட்டப் பிரிவுகளின் இலக்கங்கள் அவை. 63ஆம் இலக்கக் கடற்கரையில் மணல் இறுகிக் கிடக்கிறது. கார்கள் அதன்மேலேயே ஓடுகின்றன. ஈஸ்டர் திங்கட்கிழமை நாடு முழுவதும் பட்டம் விடும் நாள். ஜோர்ஜ்டவுனில் கடலணை நெடுகச் சனம். இங்கே கரை நெடுகச் சனம். கறிச் சட்டி, ஐஸ்பெட்டி, பெட்டி பெட்டியாகப் பாட்டுக் கருவிகள். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற வேறுபாடு இல்லை. ஆபிரிக்க வழியினர், இந்திய வழியினர், பூர்வகுடியினர் எல்லார் கையிலும் நூல். பட்டங்கள் இரைகின்றன. காகித நாக்கு ஒன்றைக் கட்டி அந்த இரைச்சலை உண்டாக்குகிறார்கள்.

வல்வெட்டித்துறையில் பொங்கலன்று பட்டம் பார்த்தவர்களுக்கு இந்த இடத்தில் உடம்பு சிலிர்க்கும். நம் ‘விண்’! எனக்கும் சிலிர்த்தது. ஆனால் அதிலிருந்து ‘பட்டம் நம் ஆட்களோடு கப்பலேறிப் போயிற்று’ என்று எழுதத் தொடங்கினால் கட்டுரை கெட்டுப்போகும். அங்கே அது உயிர்த்தெழுதலின் அடையாளமாகச் சொல்லப்படுகிறது. சீனர் கொண்டுவந்த வழக்கம் என்று சொல்கிறவர்களும் உண்டு. காற்று இருக்கிற கரையில் பிள்ளைகள் பட்டம் விடுவார்கள், சத்தம் வரும்படி எதையாவது கட்டுவார்கள். ஒத்திருப்பதெல்லாம் உறவு அல்ல. நம் பயண எழுத்துக்கு இந்தப் பொறுமை இல்லை. ஒப்புமையைக் கண்ட உடனேயே அதற்கு உறுதி எழுதிக் கையெழுத்து வைத்துவிடுகிறது.

உறவு உண்மையில் இருக்கிற இடத்திலோ நிலைமை இன்னும் சிக்கல். 1838 மே 5ஆம் திகதி முதற் கப்பல்கள் கல்கத்தாவிலிருந்து வந்ததிலிருந்து 1917 வரை கயானாவுக்குக் கொண்டுவரப்பட்ட இந்தியர் சுமார் 2,39,000 பேர். அதில் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள் 15,000 அளவில்தான். அவர்களின் வழிவந்தோர் இன்றும் ‘மதராசி’கள். வடவர் பெரும்பான்மைக்குள் ஒரு சிறுபான்மை. அவர்களின் வழிபாடு ‘காளி மாய்’. கோயிலைச் ‘சேர்ச்’ என்றே சொல்கிறார்கள். மாரியம்மா, காட்டேரி, மதுரை வீரன், முனீஸ்வரன், சங்கிலிக் கருப்பு இருக்கிறார்கள். பெயர்கள் நாவில் உருண்டு உருண்டு மாறியிருந்தாலும் அடையாளம் காணலாம். (மார்டினிக், குவாதலூப் தீவுகளில் நாகூர் மீரான் சாகிபும் இந்த வரிசையில் சேர்ந்திருக்கிறார்.) வேப்பிலை, கரகம், மூன்று நாள் பெரிய பூசை, ஆடு, சேவல். தப்பு அடிக்கிறார்கள். அதன் பெயர் இன்னமும் ‘தப்பு’தான். சாமி வருகிறது, நோய்க்கு வழி சொல்கிறது. வைத்தியம் பலிக்காத ஆபிரிக்க வழியினரும் வந்து நிற்கிறார்கள். ஸ்டெபனோஸ் ஸ்டெபனிடிஸ் என்ற சைப்பிரஸ்காரர் கயானாப் பல்கலைக்கழகத்தில் படிப்பித்த காலத்தில் இதைப் பார்த்து ‘காளியின் விருந்தை மொழிபெயர்த்தல்’ என்று பொருள்படும் ஓர் ஆங்கில நூலை, கார்னா சிங்கோடு சேர்ந்து, 2000இல் கொண்டுவந்தார். தலைப்பிலுள்ள ‘மொழிபெயர்த்தல்’ என்ற சொல் எனக்கு முக்கியம். தான் பார்ப்பது தனக்குச் சொந்தமில்லாதது என்று அவருக்குத் தெரியும். நம்மவர் கட்டுரைகளில் அந்தத் தயக்கமே கிடையாது. எல்லாம் ‘நமது’.

நமதா? கப்பலேறியவர்களில் பெரும்பாலோர் எந்தச் சேரிகளிலிருந்து, எந்தக் காலனிகளிலிருந்து போனார்கள் என்பது எழுதாமலே விளங்கும். காட்டேரியும் முனியும் மதுரை வீரனும் ஊர் எல்லையில் நிறுத்தப்பட்ட சாமிகள். தப்பு யார் தோளில் தொங்கியது என்பதையும் நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கிருந்து விமானமேறிப் போய் அதைக் கேட்டு உருகுகிற பலர், தங்கள் ஊரில் அந்த மேளத்தைக் கோயிலுக்குள் விட்டவர்களின் பிள்ளைகள் அல்ல. கயானாவிலும் நிலைமை பெரிதாக வேறு இல்லை. சனாதன இந்துக்கள் காளி மாயைக் கீழாகப் பார்த்த வரலாறு நீளமானது. பலியும் சாமியாட்டமும் ‘உண்மையான இந்து’வுக்கு ஆகாதவை என்று அங்கேயும் சொல்லப்பட்டது. அதையெல்லாம் தாண்டி அந்தச் சனம் தப்பைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. நம் எழுத்தாளர் போய் ‘ஐயோ, மொழியை இழந்துவிட்டீர்களே’ என்கிறார்.

மனோர் பார்க் சேர்ச் றோட்டில் உள்ள முருகன் கோயில் தேரன்று கயானாப் பெண் ஒருவரோடு நான் தெருவோரம் நின்றிருக்கிறேன். எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவர், அறுபது வயது கடந்தவர், பேர்பீஸ் பக்கத்தில் பிறந்தவர், கறிவேப்பிலைக்கு நம் சொல்லின் தேய்ந்த வடிவம் ஒன்றைச் சொல்பவர். நாதஸ்வரமும் தவிலும் போயின. காவடி போயிற்று. அவர் கும்பிட்டார், கற்பூரம் கொளுத்தினார். பிறகு என்னிடம், எல்லாம் வடிவாக இருக்கிறது, ஆனால் தப்பு எங்கே என்று கேட்டார். பக்கத்தில் நின்ற எங்கள் உறவுக்கார அன்ரி ஒருவர் அதைக் கேட்டுவிட்டு என் காதுக்குள், “அது செத்தவீட்டுக்கு அடிக்கிறதெல்லோ பிள்ளை, இவவுக்கு ஆர் சொல்லிக் குடுத்தது?” என்றார். நான் அந்தக் கயானா அம்மாவுக்கு அதை மொழிபெயர்க்கவில்லை.

அதே கோயில்களில் நம் பிள்ளைகள் தேவாரம் பாடுகிறார்கள். கையில் ஆங்கில எழுத்தில் அச்சடித்த தாள். பொருள் கேட்டால் தெரியாது. அவர்கள் பாடும்போது நாம் வீடியோ எடுத்துப் பெருமைப்படுகிறோம். கொரென்டைனில் ஒரு கரும்பு வெட்டுகிறவர், நாலாவது ஐந்தாவது தலைமுறையில், புத்தகமும் இல்லாமல் தாளும் இல்லாமல் காதால் கேட்ட ஒரு தாலாட்டையோ வருணிப்பையோ அப்படியே பாடினால் அது ‘இழப்பு’. இந்த இரண்டு அளவுகோலையும் ஒரே பையில் வைத்துக்கொண்டு பயணம் போகிறோம்.

ஆங்கிலத்தில் கயானாவை எழுதியவர்களிடம் வேறு நோய்கள். 1596இல் வால்டர் ராலி தங்க நகரத்தைக் கண்ட மாதிரி எழுதிவைத்தார். பிறகு லண்டன் கோபுரச் சிறையில் பதின்மூன்று ஆண்டு இருந்துவிட்டு, மறுபடியும் அதே பொன்னைத் தேடிப் போய்த் தலையைக் கொடுத்தார். ஜோன் கிம்லெட்டின் ‘வைல்ட் கோஸ்ட்’ (2011) சுவையான புத்தகம். ஆனால் காடும் கலகமும் 1978 ஜோன்ஸ்டவுன் சாவுகளும் இல்லாமல் அந்த நாட்டை அவரால் பார்க்க முடியவில்லை. வி. எஸ். நைபாலின் ‘த மிடில் பாசேஜ்’ (1962) வந்த காலத்திலேயே கரிபியனில் கோபத்தைக் கிளப்பியது. அவர் கசப்பில் ஒரு நேர்மை இருக்கிறது, தான் தப்பியோடிய வீட்டைப் பார்க்கிறவரின் கசப்பு அது. ஆனாலும் ஒரு மனிதர் சிரித்துக்கொண்டிருப்பதை அவர் நம்புவதேயில்லை. இவர்கள் நடுவே ராகுல் பட்டாச்சார்யாவின் நாவலை (2011) நான் விரும்பிப் படித்தேன். இந்தியாவிலிருந்து கிரிக்கெட் எழுதப் போன பத்திரிகையாளர், திரும்பவும் போய் அங்கே ஓராண்டு தங்கி எழுதியது. உறவு கொண்டாட அவர் அவசரப்படவில்லை. காதைத் திறந்து வைத்திருந்தார். அந்த ஆங்கிலக் கிரியோலின் தாளம் பக்கத்துக்குப் பக்கம் கேட்கிறது. காயுத்ரா பகதூரின் ‘கூலி வுமன்’ (2013) வேறு வகை. 1903இல் கர்ப்பிணியாகத் தனியே கப்பலேறிய தன் பூட்டியைத் தேடும் பேத்தியின் புத்தகம். பதில் கிடைக்காத இடங்களில் அவர் கேள்வியாகவே விட்டுவைக்கிறார். அழுதால் இவர் அழலாம். குறைவாகத்தான் அழுகிறார்.

ஆனால் நாம் முதலில் வாசித்திருக்க வேண்டியவை இவை அல்ல. மதராசிகளே எழுதிய புத்தகங்கள் இருக்கின்றன, அவை நம் கூட்டங்களில் பேசப்பட்டு நான் கேட்டதில்லை. மோசஸ் நாகமுத்து 1947இல் விம் என்ற கொரென்டைன் மீனவ ஊரில் பிறந்தவர். 2015 முதல் 2020 வரை நாட்டின் பிரதமர். பிரதமர் தமிழர் என்று அப்போது நம் முகநூல்கள் கொண்டாடின. அவர் ஒரு நாவல் எழுதியிருக்கிறார் என்பதைக் கொண்டாடியவர்களில் எத்தனை பேர் கவனித்தார்கள்? ‘ஹென்ட்ரீஸ் கியூர்’. புதிய உலகமொன்றில் மதராசி வாழ்வின் காட்சிகள் என்பது துணைத்தலைப்பு. இங்கே லீட்ஸில் உள்ள பீப்பல் ட்றீ பதிப்பகம் வெளியிட்டது. பாதி நாவல், பாதி ஊர்ப் பதிவு. கட்டுக்கோப்பு என்று பார்த்தால் தளர்வுதான். கதை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு, திண்ணையில் இருந்து கேட்கிறவர் தோளைத் தட்டிக்கொண்டே போவதுபோல அலைகிறது. இறுக்கமான நாவலை எதிர்பார்ப்பவருக்கு எரிச்சல் வரும். எனக்கு வந்தது. ஆனால் அந்தக் கரை சுற்றுலாக் கரை அல்ல. வலை, மீன், விலை, சூது, மேளம், மருந்து, மந்திரம் என்று அது உழைப்பும் ஏமாற்றும் நடக்கிற இடம். காளி பூசை அங்கே ‘காப்பாற்றப்பட்ட பண்பாடு’ என்ற கண்ணாடிப் பெட்டிக்குள் இல்லை. காய்ச்சல் வந்தால் போகிற இடமாக இருக்கிறது. தமிழ் போய்விட்டதே என்று யாரும் உட்கார்ந்து ஏங்குவதில்லை. அவர்களுக்கு வேலை இருக்கிறது.

இதற்கு நாற்பது ஆண்டு முன்னோடி பீட்டர் கெம்படூவின் ‘கயானா போய்’ (1960). போர்ட் மொரான்ட் கரும்புத் தோட்டத்தில் பிறந்து 1950களில் இங்கிலாந்துக்கு வந்தவர். தந்தை பெயர்களில் ஒன்றான ‘லட்சுமணன்’ சிதைந்த வடிவத்தில் அவருக்குப் புனைபெயராயிற்று. ஒரு சிறுவனின் கண்ணால் தோட்டத்து வாழ்வைச் சொல்லும் புத்தகம் அது. செடி ஜெகனும் ரோகன் கன்ஹாயும் பிறந்த அதே தோட்டம்தான். கெம்படூ 2019இல் காலமானார். ஐம்பதுகளின் லண்டனில் ஒரு தமிழ் வழியினர் தோட்டத்துப் பிள்ளையின் மொழியில் நாவல் எழுதிக்கொண்டிருந்தார் என்பது, புலம்பெயர் தமிழிலக்கியம் எண்பதுகளில் நம்மோடு தொடங்கியது என்று மேடையில் சொல்கிறவர்களுக்குச் சற்று இடைஞ்சலான செய்தி.

இடைஞ்சல் அதோடு நிற்பதில்லை. 1948இல் இலங்கை குடியுரிமைச் சட்டத்தின் மூலம் மலையகத் தோட்டத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. அடுத்து வாக்குரிமையும் போயிற்று. 1953இல் பிரிட்டிஷ் கயானாவில் வயதுவந்த எல்லாருக்கும் வாக்குரிமையோடு நடந்த முதல் தேர்தலில் கரும்பு வெட்டியவர்கள் வரிசையில் நின்று ஜெகனின் கட்சியை வெல்லவைத்தார்கள். அந்த அரசை ஐந்து மாதம் ஆகுமுன் பிரிட்டன் கலைத்தது வேறு கதை. ஒரே பேரரசு, ஒரே மாதிரித் தோட்டம், ஒரே மாவட்டங்களிலிருந்து கிளம்பிய சனம். யாழ்ப்பாணத்திலிருந்து ஹட்டனுக்கு இருந்த தூரத்தைக் கடக்காத நாம், அத்திலாந்திக்கைக் கடந்து போய்த் ‘தொப்புள்கொடி’ என்று எழுதுகிறோம். தெளிவத்தை ஜோசப்பைப் படிக்காமல் மூன்சாமிக்காக அழுவதில் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

கெம்படூவின் புத்தகத்தின் தொடக்கப் பக்கங்களைத் தமிழில் செய்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். கதையைவிடப் பேச்சுத்தான் சிக்கல். அந்தச் சிறுவனின் கிரியோலுக்கு எந்தத் தமிழைக் கொடுப்பது? முதலில் எனக்குத் தெரிந்த யாழ்ப்பாணப் பேச்சைக் கொடுத்தேன். பையன் உடனே எங்கள் தெருப் பையன் ஆகிவிட்டான், கரும்புத் தோட்டம் பின்னால் வரைந்த திரைச்சீலைபோல ஆயிற்று. நான் மேலே திட்டியதை நானே செய்கிறேன் என்று பட்டது. எழுத்துத் தமிழில் செய்தால் அவன் பள்ளிக்கூடப் பாடநூலில் வரும் நல்ல பிள்ளை. மலையகப் பேச்சில் செய்த மூன்றாவது படி கிட்ட வருகிறது. வரிசை வீடும் கணக்கப்பிள்ளையும் பேர்போடுவதும் அந்தப் பேச்சுக்குள் ஏற்கெனவே இருப்பதால் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் அது என் பேச்சு அல்ல. பதுளையில் பிறந்து இப்போது இல்போர்டில் இருக்கும் நண்பர் ஒருவர் அந்தப் படியை வாங்கிப் போய், முதற் பக்கத்திலேயே பதினொரு இடத்தில் சிவப்பு மையால் கோடு போட்டுத் திருப்பித் தந்திருக்கிறார்.